உள்ளங்கையில் ஒரு கறுப்புத் திட்டு

உப்பள வேலை செய்பவர்கள், வலை இழுப்பவர்கள், கருவாடு காயப்போடுபவர்கள், கடற்கரை மணலில் விளையாடும் பிள்ளைகள் என்று கடலோடு பழகும் எவருக்கும் உள்ளங்கையில் சில சமயம் ஒரு பழுப்பு அல்லது கறுப்புத் திட்டு தோன்றலாம். வலிக்காது. பெரும்பாலும் அரிக்காது. சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். 'மச்சம்தானே' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. புற்றுநோயோ என்று அஞ்சித் தூக்கத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டியதில்லை. அந்தத் திட்டு என்ன என்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்துகொள்வதற்கு முன் கையில் எந்த மருந்தையும் தடவாதீர்கள், எவரையும் அதை வெட்டி எடுக்க விடாதீர்கள். இந்தக் கட்டுரையின் முதல் வேண்டுகோள் இதுதான்.

இந்தத் திட்டுக்கு மருத்துவத்தில் டீனியா நைக்ரா (கறுப்புப் படை) என்று பெயர். ஹார்ட்டேயா வெர்னெக்கியை என்ற கறுப்பு ஈஸ்ட் (தனிச் செல்லாகவும் இழையாகவும் வளரும் கரிய பூஞ்சை) இதற்குக் காரணம். இதன் இருப்பிடம் உப்பு. உப்பில் போட்டது கெடாது என்பது ஊறுகாய்ச் சாடியும் கருவாட்டுக் கூடையும் நமக்குக் கற்றுத்தந்த பாடம். பெருமளவு உண்மையும்கூட. உப்பு, கிருமியின் உடலிலிருக்கும் நீரை வெளியே இழுத்து அதை முடக்கிவிடுகிறது. இந்தக் கறுப்பு ஈஸ்ட் அதற்கு மசிவதில்லை. கடல்நீரில் ஏறக்குறைய 3.5 சதவீதம் உப்பு இருக்கிறது. இந்தப் பூஞ்சையோ உப்பே இல்லாத நீரிலும் வளரும், 30 சதவீதத்தை ஒட்டிய அடர்ந்த உப்புநீரிலும் வளரும். உப்பிட்டுக் காயவைத்த மீனிலிருந்தும் இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் சிவந்துவருவதைக் கேளம்பாக்கம், கோவளம், செய்யூர் பக்கத்து உப்பளங்களில் வேலை செய்பவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தச் சிவப்பு டூனலியெல்லா என்னும் நுண்பாசியாலும், உப்பை விரும்பும் நுண்ணுயிர்களாலும் வருவது. அவ்வளவு உப்பில் வாழ்பவை அவை மட்டுமே என்றுதான் விஞ்ஞானிகளும் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஸ்லோவேனியா நாட்டில் செச்சோவ்லியே என்ற ஊரின் பழைய உப்பளங்களை ஆராய்ந்த நினா குண்டே-சிமெர்மான் குழுவினர், 2000ஆம் ஆண்டில் கறுப்பு ஈஸ்ட்களுக்கும் அந்த உப்புநீர்தான் இயற்கையான வீடு என்று காட்டினார்கள். நோயாளியின் தோலில் பார்த்துப் பழகிய ஒரு பூஞ்சையின் சொந்த ஊர் அப்போதுதான் தெளிவாகத் தெரியவந்தது.

இது உப்பைத் தாங்கும் விதம் கவனிக்கத்தக்கது. வெளியே உப்பு கூடக்கூட, செல்லுக்குள் கிளிசரால் என்ற பொருளைச் சுரந்து நிரப்பிக்கொண்டு நீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்கிறது. உள்ளே நுழையும் சோடியத்தை விடாமல் வெளியே தள்ளுகிறது. செல்சுவரில் படியும் மெலனின் (நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினைப் போன்ற கருநிறமி) அந்தக் கிளிசரால் கசியாமல் காக்க உதவுகிறது. திட்டின் கறுப்பு நிறமும் இந்த மெலனினால் வருவதே. 2013இல் இதன் மரபுத்தொகுதியை முழுவதும் படித்தபோது 23,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை இரட்டை இரட்டையாக இருந்தன. மனிதருக்கே புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000தான்.

இவ்வளவு வல்லமை கொண்ட உயிர் நம் கையில் ஏன் ஒரு சாதாரணத் திட்டோடு நின்றுவிடுகிறது? உள்ளங்கையின் மேல்தோலில் இறந்த செல்களால் ஆன தடித்த அடுக்கு ஒன்று உண்டு. வியர்வை அங்கே உப்பை விட்டுச் செல்கிறது. இந்தப் பூஞ்சைக்கு அது போதும். ஆனால் படர்தாமரைப் பூஞ்சைகளைப் போலத் தோலின் கெரட்டினைச் (தோல், நகம், முடிக்கு உறுதி தரும் புரதம்) செரிக்கும் திறமை இதற்கு இல்லை. உடலின் உள்வெப்பமான 37 டிகிரியில் இதனால் சரிவர வளரவும் முடியாது. அதனால் உயிருள்ள தோலுக்குள் இறங்காமல் இறந்த அடுக்கிலேயே தங்கிவிடுகிறது. வலி இல்லாததற்கும் அரிப்பு இல்லாததற்கும் இதுவே காரணம்.

நோய் புதியதல்ல. பிரேசிலின் பாஹியாவில் 1891லேயே இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1905இல் இலங்கை நோயாளிகளிடம் கண்ட கறுப்புப் படையை விவரித்து எழுதினார். தென்னிந்திய நோயாளியைப் பற்றிய அறிக்கை 1975இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அறிக்கைகள் எண்ணிக்கையில் குறைவு. வலியில்லாத ஒரு திட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவமனைக்கு வருபவர் எத்தனை பேர் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

இனி அடையாளங்களைப் பார்ப்போம். பொதுவாக ஒரே ஒரு திட்டு, ஒரு கையில் மட்டும் வரும். சிலருக்கு உள்ளங்காலிலும் வருவதுண்டு. ஓரம் தெளிவாக இருக்கும். சிலருக்கு நடுப்பகுதியைவிட ஓரம் கூடுதலாகக் கறுத்திருக்கும். தடவிப் பார்த்தால் மேடு தட்டாது. மிஞ்சினால் மெல்லிய செதில் இருக்கும். பூஞ்சை தொற்றிய இரண்டு முதல் ஏழு வாரங்களில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, மாதக்கணக்கில் மெதுவாக விரியும். கை அதிகம் வியர்ப்பவர்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். பிள்ளைகளிடமும் இளவயதினரிடமும் அதிகம் காணப்படுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக அரிது. ஆகவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தவோ, தட்டு தம்ளரைத் தனியே வைக்கவோ தேவையில்லை.

கையில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் இதுவல்ல. வாழைக்காய்க் கறை, முந்திரித் தோட்டின் எண்ணெய், தலைச்சாயம், சேங்கொட்டை ஆகியவற்றின் கறைகள் தோல் உரிய உரிய ஒன்றிரண்டு வாரங்களில் மங்கிவிடும். பிறவி மச்சம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். தொழுநோய்த் தேமல் வெளிறியோ சிவந்தோ இருக்கும், அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். கறுப்புப் படையில் உணர்ச்சி குறையவே குறையாது. தொழுநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு க்ளோஃபாசிமின் என்ற மாத்திரையால் தோல் கருப்பது உண்டு. அது மருந்தின் விளைவு, சிகிச்சை முடிந்த பிறகு மெல்ல மாறும், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உணர்ச்சியற்ற தேமல் எதுவாக இருந்தாலும் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் உள்ள மத்திய தொழுநோய் நிறுவனத்தில் காட்டலாம்.

எல்லோரும் அஞ்சுவது மெலனோமாவை (நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்). நம்மவர்களுக்கு அது வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது என்பதால் அந்த அச்சத்தை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். ஒரே திட்டில் கறுப்பு, பழுப்பு, நீலம், சிவப்பு என்று பல நிறங்கள் கலந்திருப்பது, ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது, மேடாக எழும்புவது, புண்ணாகி இரத்தம் கசிவது, நகத்துக்கு அடியில் கருங்கோடு அகன்றுகொண்டே போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நடுவயதைத் தாண்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மறுபுறம், கறுப்புப் படையை மெலனோமா என்று தவறாக எண்ணி உள்ளங்கைத் தோலை வெட்டியெடுத்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து பதிவாகியிருக்கின்றன. களிம்பில் போயிருக்க வேண்டியதற்கு வாழ்நாள் தழும்பு மிஞ்சுகிறது. மண்வெட்டியும் துடுப்பும் பிடிக்கிற கைக்கு அந்தத் தழும்பு சிறிய இழப்பல்ல.

சோதனை இப்படி நடக்கும். மருத்துவர் முதலில் டெர்மோஸ்கோப் (விளக்கோடு கூடிய தோல் உருப்பெருக்கி) வைத்துப் பார்ப்பார். மச்சமும் மெலனோமாவும் தோலின் ரேகைப் பள்ளம் மேடுகளைத் தழுவியே நிறம் காட்டும். பூஞ்சையின் மெல்லிய பழுப்பு இழைகள் ரேகையைப் பொருட்படுத்தாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். அடுத்து, மழுங்கிய கத்தி முனையால் திட்டின் ஓரத்திலிருந்து சிறிது செதிலைச் சுரண்டி எடுப்பார். இரத்தம் வராது, மரத்துப்போக ஊசி போடத் தேவையில்லை. அந்தச் செதிலில் 10 முதல் 20 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பழுப்பு நிற இழைகளும் மொட்டு விடும் செல்களும் தெரியும். இயற்கையிலேயே நிறம் கொண்டவை என்பதால் சாயம் ஏற்றாமலே அடையாளம் காணலாம். தேவைப்பட்டால் மீதிச் செதிலை வளர்ப்பூடகத்தில் (பூஞ்சையை வளர்க்கும் உணவுக்கூழ்) இடுவார்கள். முதலில் பளபளப்பான, ஈரமான கறுப்புக் குழம்பு போலத் தோன்றிப் பிறகு வெல்வெட்டுப் போல மாறும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் இத்தகைய சோதனைக்குக் கேளுங்கள்.

போவதற்கு முன் சிலவற்றைக் கவனியுங்கள். ஒரு வாரமாவது அந்த இடத்தில் களிம்பு எதையும் தடவாதீர்கள். தடவியிருந்தால் நுண்ணோக்கியில் பூஞ்சை தெரியாமல் போகலாம். உள்ளங்கையில் மருதாணி வைக்காதீர்கள். திட்டின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வளர்ந்ததா, குறைந்ததா என்ற கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லும்.

பூஞ்சை என்று உறுதியானால் மருத்துவம் எளிது, செலவும் குறைவு. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிக் களிம்பு ஒன்றைக் காலையும் இரவும், திட்டைச் சுற்றி ஒரு விரற்கடை கூடுதலாகத் தடவ வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பழகிய விட்ஃபீல்டு களிம்பும் (6 சதவீதம் பென்சாயிக் அமிலமும் 3 சதவீதம் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்தது) நன்றாக வேலை செய்கிறது. அது இறந்த தோலை உரித்துப் பூஞ்சையையும் கூடவே கழற்றிவிடும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் மறைந்துவிடும். நிறம் மங்கியதும் நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். மாத்திரை தேவைப்படுவதில்லை. படர்தாமரைக்குத் தரும் கிரைசியோஃபல்வின் இதற்குப் பயன்படாது. நான்கு வாரம் ஒழுங்காகத் தடவியும் திட்டு அப்படியே இருந்தால், நோயை மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது சிறு தோல் துணுக்கை எடுத்து ஆராய்வது நியாயமான அடுத்த படி.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். சுடு உப்புத் தண்ணீரில் கையை ஊறவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உப்பளத்தில் பிறந்த பூஞ்சையை உப்பு என்ன செய்துவிடும்? எருக்கம்பால், சுண்ணாம்பு, பேட்டரி அமிலம், ப்ளீச்சிங் பவுடர் ஆகியவை தோலை வெந்துபோகச் செய்யும், திட்டு இருந்த இடத்தில் புண் வரும். எருக்கம்பால் பட்ட விரல் கண்ணைத் தொட்டால் கருவிழியே பாதிக்கப்படும். இவை எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, மருந்துக் கடையில் 'படைக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்குவது. அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும், தோலையும் மெலியவைக்கும். 2018 மார்ச்சில் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். கடைக்காரர் தானாக நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கறுப்புப் பூஞ்சை என்றதும் 2021 பலருக்கு நினைவுக்கு வரும். கொரோனா இரண்டாம் அலையில் கண்ணையும் உயிரையும் பறித்த அந்த நோய் மியூகார்மைகோசிஸ். அந்த ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு அதை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக அறிவித்தது. அதை உண்டாக்கும் பூஞ்சைகள் கருநிறமி கொண்டவை அல்ல. இரத்த ஓட்டம் நின்று செத்துப்போன திசு கறுத்ததால் அந்தப் பெயர் வந்தது. உள்ளங்கைத் திட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. பரிசோதனைத் தாளில் 'கறுப்புப் பூஞ்சை' என்று படித்துவிட்டு வீடே அழும்படி ஆகிவிடக்கூடாது.

தடுக்கும் வழி நல்ல தண்ணீர்தான். பொழுது சாய்ந்து பாத்தியிலிருந்து ஏறியதும், கரைக்குத் திரும்பியதும், கைகால்களை உப்பில்லாத தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து உலர்த்த வேண்டும். உப்பளத்தில் அந்தத் தண்ணீர் எளிதில் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். குடிக்கவே குடத்தில் சுமந்து வருபவர்களிடம் கை கழுவச் சொல்வது பாதி ஆலோசனைதான். மீதிப் பாதியைச் செய்ய வேண்டியவர்கள் உப்பள உரிமையாளர்கள். வேலை நடக்கும் இடத்தில் குடிக்கத் தனியாகவும் கழுவத் தனியாகவும் நல்ல தண்ணீர் வைப்பது அவர்கள் கடமை. ரப்பர் கையுறையும் காலுறையும் உதவும், ஆனால் உள்ளே வியர்வை தேங்கினால் பயனில்லை. உள்ளே மெல்லிய பருத்தித் துணியுறை அணிந்து, அன்றாடம் கழுவி, உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவையுங்கள். ஒருவர் அணிந்ததை இன்னொருவர் அணிய வேண்டாம். கை எப்போதும் நனைந்து சொட்டுமளவு வியர்ப்பவர்களுக்குத் தனி மருத்துவம் இருக்கிறது, கேட்டுப் பெறுங்கள்.

இதுவரை சொன்னது தோலின் மேற்பரப்பில் தங்கும் சாதுவான பூஞ்சை. கறுப்புப் பூஞ்சைக் கூட்டத்தில் ஆழமாக இறங்குபவையும் உண்டு. மண்ணிலும் அழுகிய மரத்திலும் முள்ளிலும் வாழும் அவை, சீமைக்கருவேல முள்ளோ மரச்சிம்போ குத்தும்போது தோலுக்கு அடியில் போய்விடுகின்றன. மாதங்கள் கழித்துக் காலில் மருவைப் போலச் சொரசொரப்பாக வளர்ந்து கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் (ஆழத்தோல் கரும்பூஞ்சை நோய்) ஆக இருக்கலாம். பாதம் வலியில்லாமல் வீங்கி, பல துளைகள் விழுந்து, நீரோடு மணல் போன்ற குருணை வந்தால் அது மைசெடோமா. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் ஜான் கில் எழுதி வைத்ததால் உலகம் இதை இன்றும் மதுரைக்கால் என்றே அழைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் மைசெடோமாவை 2016இலும், குரோமோபிளாஸ்டோமைகோசிஸை 2017இலும் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இவற்றுக்குக் களிம்பு போதாது. பூஞ்சையால் வந்ததென்றால் இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில், சில சமயம் அறுவை சிகிச்சையோடு சேர்த்துத் தர வேண்டியிருக்கும். பாக்டீரியாவால் வந்த மைசெடோமாவுக்கு மருந்தே வேறு. அதனால் வெளிவரும் குருணையைத் துடைத்து எறியாமல், சுத்தமான துணியில் மடித்து மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள். குருணையின் நிறமே பாதி விடையைத் தந்துவிடும். முள் குத்திய அன்றே முழுவதையும் எடுத்து, சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவுவதே இந்த நோய்களுக்கான முதல் தடுப்பு. டெட்டனஸ் தடுப்பூசி இந்தப் பூஞ்சைகளைத் தடுக்காது என்றாலும், முள் குத்தினால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். குத்திய இடத்தில் மண்ணெண்ணெய், சாணம், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்கள் ஆகியோருக்கு ஓர் எச்சரிக்கை. மலேசியாவில் இரத்தப் புற்றுநோயாளிகள் இருவரிடம், ஒருவருக்கு இரத்தத்திலும் மற்றவருக்கு மண்ணீரல் சீழ்க்கட்டியிலும் ஹார்ட்டேயா இருந்ததை 2005இல் பதிவு செய்தார்கள். இது மிக அரிது. இருந்தாலும் காரணமில்லாத காய்ச்சல், டயாலிசிஸ் பையில் கலங்கிய நீர் ஆகியவற்றை உடனே தெரிவியுங்கள். உப்பள, கடற்கரை வேலையில் இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாகக் கண். மாமல்லபுரத்தின் சிற்பப் பட்டறைகளில் உளியிலிருந்து தெறிக்கும் கல் துணுக்கு, வயலில் நெல் உமி, கடற்கரையில் காற்று வாரி அடிக்கும் மணல் ஆகியவை கருவிழியைக் கீறினால், அந்தக் கீறல் வழியே கர்வுலேரியா போன்ற கரும்பூஞ்சைகளும் பிற பூஞ்சைகளும் நுழைந்து புண்ணாக்கும். கறுப்புப் படைக்குச் சில நாட்கள் காத்திருக்கலாம், கண்ணில் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் ஊற்றுவது, நாக்கால் தூசி எடுப்பது, வீட்டில் பழையதாகக் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்தை விடுவது எல்லாமே பார்வையைக் கெடுக்கும். மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு விலை கூடிய வோரிகோனசோல் சொட்டைவிட நாட்டமைசின் சொட்டே சிறந்தது என்று தெரிந்தது. ஆனால் புண் பூஞ்சையாலா பாக்டீரியாவாலா என்று சுரண்டிப் பார்த்துத்தான் சொட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல் வேலையின்போது பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள். கண்ணில் ஏதாவது தெறித்தால் நல்ல தண்ணீரில் கழுவிக் கசக்காமல் விடுங்கள். உறுத்தல், சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.